சீனி செய்த குற்றம் அல்ல!

எங்கள் வீட்டுக் கழிவறையில் எறும்பு மொய்த்திருப்பதை முதலில் கவனித்தவர் பாட்டிதான்.

நான் அப்போது படிவம் ஒன்று மாணவன். பாட்டி இளமைக்காலம் முழுவதும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டமும் லயமும் போன பிறகு செனாவாங் தாமான் வீட்டில் எங்களோடு இருந்தார். “லயத்துல இருந்தப்போ, இனிப்பு நீர் வந்த பெரியவங்க ஒண்ணுக்குப் போன எடத்துலதான் இப்படி எறும்பு மொய்க்கும்,” என்றார். உடனே அப்பாவும் அம்மாவும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். இருவருக்கும் சர்க்கரை அளவு சரியாக இருந்தது. என்னைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 13 வயதுப் பையனுக்கு இனிப்பு நீர் வருமா என்ன?

ஆனால் அறிகுறிகள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழித்தேன். நன்றாகச் சாப்பிட்டும் பள்ளிக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. “வளர்ற வயசு, உயரமாகுறான்,” என்றார் அம்மா. ஒரு நாள் வாந்தியும் வயிற்றுவலியும் வந்தன. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலையில் மூச்சு வேகமாக வாங்கியது. வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை அடித்தது. அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்த வேகத்திலேயே என்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு ஓட்டினார்.

அவசரப் பிரிவில் விரலில் ஊசி குத்திப் பார்த்தபோது கருவியில் எண்ணே வரவில்லை. அளவிட முடியாத உயரம் என்பதற்கு அடையாளமாக ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. எனக்கு வந்திருந்தது முதல் வகை நீரிழிவு.

யார் மேல் பழி?

நினைவு திரும்பி வார்டில் படுத்திருந்தபோது எனக்கு ஞாபகம் இருப்பது ஊசி வலி அல்ல. கட்டிலைச் சுற்றி நின்ற உறவினர்களின் பேச்சு. “சின்ன வயசுலேருந்து மிட்டாயா தின்னான்.” “தினமும் சிராப் தண்ணி குடிச்சா வராதா?” “பெத்தவ கண்டிச்சிருக்கணும்.” அம்மா சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். காலையும் மாலையும் கெட்டிப்பால் ஊற்றி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

மாலையில் வந்த மருத்துவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசினார். “அம்மா, நீங்க கொடுத்த மைலோவால இது வரல. இவன் உடம்போட எதிர்ப்புச் சக்தியே இவனோட கணையத்தைத் தாக்கியிருக்கு. அதை நீங்களும் தடுத்திருக்க முடியாது, நானும் தடுத்திருக்க முடியாது.”

அந்தச் சில வரிகள்தான் பிற்பாடு என்னை உயிரியல் படிக்க வைத்தன. இன்று பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைப் படிக்கும் மாணவனாக, அன்று எனக்குப் புரியாததை இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரே பெயர், இரண்டு நோய்கள்

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பரம்பரை, உடல் எடை, உணவு, உடலுழைப்பு ஆகியவற்றுக்கு அதில் பங்குண்டு. நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்றதும் நினைவுக்கு வருவது இந்த வகைதான்.

முதல் வகையின் கதை வேறு. இதில் இன்சுலினைச் செய்யும் உயிரணுக்களே அழிந்துபோகின்றன. இந்த நோய் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் இளமையிலும் தலைகாட்டும் என்றாலும் எந்த வயதிலும் வரலாம். கிரிக்கெட் வீரர் வசிம் அக்ரமுக்கு 1997இல், 30 வயதையொட்டி இது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகும் பந்து வீசிய அவர், 2003 உலகக் கிண்ணப் போட்டியில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டுகளைத் தொட்ட முதல் வீரரானார்.

வயிற்றுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது ஜெர்மன் மருத்துவ மாணவர், நுண்ணோக்கியில் அதைப் பார்த்தபோது ஆங்காங்கே சிறு தீவுகள்போல் உயிரணுக் கூட்டங்கள் இருப்பதைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. இன்று அவருடைய பெயரிலேயே ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்கிறோம். அவற்றில் உள்ள பீட்டா உயிரணுக்கள்தான் இன்சுலினைச் செய்கின்றன.

செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு மருத்துவர் இப்படி விளக்கினார். தொழிற்சாலைக் கதவு அட்டையைத் தட்டினால்தான் திறக்கும். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸ், தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் நுழைய வேண்டுமானால் இன்சுலின் என்ற அட்டை வேண்டும். அட்டை இல்லாவிட்டால் வாசலில் ஆயிரம் பேர் நின்றாலும் உள்ளே இயந்திரம் ஓடாது. ரத்தம் முழுவதும் சர்க்கரை நிரம்பி வழிய, உயிரணுக்கள் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தை அமிலமாக்கும். என் வாந்திக்கும், வேகமான மூச்சுக்கும், பழ வாடைக்கும் காரணம் அதுதான்.

காவலர்கள் படிக்கும் பள்ளிக்கூடம்

சரி, பீட்டா உயிரணுக்களை அழித்தது யார்?

நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் ‘டி’ உயிரணுக்கள் என்ற காவலர்கள் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இவை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குச் சென்று பயிற்சி பெறுகின்றன. உலகத்திலேயே மிகக் கடுமையான பள்ளிக்கூடம் அதுதான் எனலாம். அங்கே ஒவ்வொரு காவலருக்கும் உடலின் சொந்தப் பொருள்களின் துணுக்குகள் காட்டப்படும். அவற்றைப் பார்த்து மிகவும் சீறும் காவலர் தேர்வில் தோற்றவர். அவரை அங்கேயே அழித்துவிடுவார்கள். தைமஸுக்குள் போகும் டி உயிரணுக்களில் மிகச் சிலவே உயிரோடு வெளியே வருகின்றன.

அந்தத் தேர்வில் இன்சுலினின் துணுக்கும் காட்டப்படுகிறது. இங்கேதான் பிறப்பிலேயே சிலருக்கு ஒரு சிறு குறை. இன்சுலின் மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்குத் தைமஸில் அது குறைவாகவே காட்டப்படுகிறது. பாடத்தைச் சரியாகப் பார்க்காத மாணவன் தேர்வில் தப்பிப்பதுபோல, இன்சுலினை எதிரியாகப் பார்க்கும் சில காவலர்களும் தப்பி வெளியே வந்துவிடுகிறார்கள்.

தப்பி வந்தவர்களைச் சமாளிக்க உடலிடம் இரண்டாவது ஏற்பாடும் உண்டு. ‘ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள்’ என்ற கட்டுப்பாட்டாளர்கள், மற்றக் காவலர்கள் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஜப்பானியரான ஷிமோன் சாகாகுச்சி 1995இல் இவர்களை அடையாளம் காட்டினார். 2001இல் அமெரிக்கர்களான மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் இவர்களோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும்தான் கிடைத்தது. அந்த மரபணு பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகள் சிலருக்குப் பிறந்த சில மாதங்களிலேயே முதல் வகை நீரிழிவு வந்துவிடுகிறது. கட்டுப்பாட்டாளர் இல்லாத காவல்படை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சத்தமில்லாத தாக்குதல்

ஒரு நாளில் நடந்து முடிவதல்ல இந்தத் தாக்குதல். மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. 1965இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வில்லி கெப்ட்ஸ், நோய் வந்த சிறிது காலத்திலேயே இறந்துபோன இளையோரின் கணையங்களை ஆராய்ந்தார். பல தீவுகளைச் சுற்றி வெள்ளை அணுக்கள் முற்றுகையிட்டிருந்தன. 1974இல் லண்டனில் பொட்டாசோவும் அவருடைய குழுவினரும், இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் கணையத் தீவுகளையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் இது எதிர்ப்புச் சக்தியின் நோய் என்பது உறுதிப்பட்டது.

ஆன்டிபாடிகள் நேரடிக் கொலையாளிகள் அல்ல. அவை தீப்பிடித்த வீட்டிலிருந்து வரும் புகை மாதிரி. பீட்டா உயிரணுக்களை நேரில் கொல்பவை டி உயிரணுக்கள். ஆனால் புகையைப் பார்த்துத் தீயைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2, துத்தநாகக் கடத்தி-8 ஆகிய நான்கு பொருள்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளை இன்று ரத்தத்தில் சோதிக்க முடிகிறது. இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்படுவதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. என் ரத்தத்திலும் இரண்டு இருந்தன. நான் தாகத்தால் தவிக்கத் தொடங்கியது படிவம் ஒன்றில். ஆனால் போர் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த காலத்திலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

“ஏன் என் பிள்ளைக்கு மட்டும்?” என்று அம்மா அடிக்கடி கேட்பார். காவலர்களிடம் துணுக்குகளைத் தாங்கிக் காட்டும் தட்டு ஒன்று உண்டு. ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் அதன் வடிவத்தை முடிவு செய்கின்றன. மரபுவழி ஆபத்தில் ஏறக்குறைய பாதி இவற்றிலிருந்தே வருகிறது. ஆனாலும் மரபணு மட்டும் போதாது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது உண்டு. சில குடல் வைரஸ்கள் தாக்குதலைத் தூண்டலாம் என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. உலகிலேயே மிக அதிகமாகப் பின்லாந்துப் பிள்ளைகளுக்கு இந்நோய் வருகிறது. வெள்ளைக்காரர் நோய் என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. 1990களில் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய கணக்கெடுப்பில், ஆண்டுதோறும் ஒரு லட்சம் பிள்ளைகளில் சுமார் பத்துப் பேருக்குப் புதிதாக இது வருவது தெரிந்தது. நோய் வரும் பிள்ளைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் முன்பு இருந்ததில்லை. இந்தப் பட்டியலில் எங்கேயும் மிட்டாய் இல்லை, மைலோவும் இல்லை.

தேனிலவு தந்த ஏமாற்றம்

இதைத் தெரிந்துகொள்வது வெறும் ஏட்டறிவு அல்ல. தெரியாததால் நான் இன்னொரு முறை சாகக் கிடந்தேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாவது மாதம், தூரத்து உறவினர் ஒருவர் கஷாயம் கொண்டுவந்தார். “ஊசி போட்டா பழகிடும். இதைக் குடிச்சா வேரோட போயிடும்,” என்றார். ஊசி போடுவதை விட்டுவிடக் கூடாது என்பதால், அம்மா இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். அதிசயம் நடந்தது. சர்க்கரை இறங்கியது. தேவைப்பட்ட இன்சுலின் பாதிக்கும் கீழே குறைந்தது. வீடே கஷாயத்தைக் கும்பிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஊசியை நிறுத்தினோம். நான்கு நாளில் மறுபடியும் அதே வாந்தி, அதே மூச்சு, அதே வார்டு.

அந்த அதிசயத்துக்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது: தேனிலவுக் காலம். வெளியிலிருந்து இன்சுலின் கிடைத்ததும், தாக்குதலில் மிஞ்சிய கொஞ்சம் பீட்டா உயிரணுக்கள் இளைப்பாறி மறுபடி வேலை செய்யத் தொடங்கும். சில மாதங்கள் இப்படி நீடிக்கும். ஆனால் காவலர்கள் ஓயவில்லை. அவர்கள் மிச்சத்தையும் தேடித் தேடி அழிப்பார்கள். அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். எங்களுக்குத் தோன்றியதும் அதுதான்.

இன்சுலினுக்கு முன்பிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு உணவைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாக்கிச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதே அன்றைய சிகிச்சை. 1921இல் டொரொண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் மேல் சோதனை செய்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பலிக்கவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் சுத்தப்படுத்திய மருந்தை அதே மாதத்தில் மறுபடி செலுத்தியபோதுதான் சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். நான் பிழைத்திருப்பது அவனுக்குப் பின்னால் பிறந்ததால்தான்.

காவலர்களைச் சமாதானப்படுத்த முடியுமா?

இன்சுலின் இழப்பை ஈடுகட்டுகிறது, தாக்குதலை நிறுத்துவதில்லை. ஆகவே ஆராய்ச்சி இப்போது காவலர்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்கா டெப்ளிசுமாப் என்ற மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆன்டிபாடிகள் தோன்றி, சர்க்கரை லேசாகத் தடுமாறத் தொடங்கிய, ஆனால் நோய் முழுமையாக வெளிப்படாதவர்களுக்கு இது 14 நாள்கள் நரம்பு வழியாகச் செலுத்தப்படும். டி உயிரணுக்களின் வேகத்தைத் தணித்து, நோயைச் சராசரியாக ஈராண்டுகள் தள்ளிப்போடுவதாக ஆய்வில் தெரிந்தது. ஈராண்டு என்பது எஸ்.பி.எம். எழுதும் ஒரு மாணவனுக்குச் சின்ன விஷயமா?

2025இல் இன்னொரு செய்தி வந்தது. குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த கணையத் தீவுகளை முழு அளவில் செலுத்திய 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் புதிய தீவுகளையும் காவலர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். அதனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளையும் அவர்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது. காவலர் சிக்கலைத் தீர்க்காமல் இந்தக் கதை முடியாது. அதைத் தீர்க்கப் போகிறவர் இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஒரு மாணவராகவும் இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

நம் நாட்டில் 2006இல் தொடங்கிய பிள்ளைகளுக்கான நீரிழிவுப் பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு கசப்பான உண்மை தெரிந்தது. முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர், என்னைப் போலவே ரத்தம் அமிலமாகிய பிறகுதான் நோயாளியாக அடையாளம் காணப்பட்டார்கள். ஆகவே நான்கு அறிகுறிகளை மனத்தில் வையுங்கள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு, தீராத சோர்வு. தம்பியோ தங்கையோ பக்கத்து மேசை நண்பரோ இப்படி இருந்தால், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கிளினிக்கிலும் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை. வாந்தியும் வேகமூச்சும் சேர்ந்துவிட்டால் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வகுப்பில் இந்நோய் உள்ள நண்பர் இருந்தால் ஊசி போடுவதை வேடிக்கை பார்க்காதீர்கள். அவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். உணர்வோடு இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீரோ பழச்சாறோ கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சை அழையுங்கள். எல்லாரும் குற்றவாளி என்று சொன்ன சீனிதான் அந்த நேரத்தில் உயிர் காக்கிறது என்பதை நான் பள்ளித் திடலில் நேரில் அனுபவித்திருக்கிறேன்.

பாட்டிக்கு இப்போது 80 வயதைத் தாண்டிவிட்டது. கோயிலில் யாராவது என்னைப் பார்த்து, “சின்ன வயசுல இனிப்பு தின்னு வந்ததா?” என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிடுவார்: “அதெல்லாம் இல்ல. அவன் உடம்புக் காவக்காரன் ஆளு தெரியாம அடிச்சிட்டான். உங்க வீட்டுப் பிள்ளைங்க ராத்திரியில ரொம்பத் தண்ணி குடிச்சா, மொதல்ல போயி விரலக் குத்திப் பாருங்க.”